ஆட்டிசம் உள்ளவர்களின் உரையாடலை ஆராய வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

பெர்ஜுந்தைக்காரி எழுதியது:

வணக்கம். எனக்கு ஊர் மலேசியாவில் சிலாங்கூரில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தை. பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிப் பல வருடம் ஆகிவிட்டது, ஆனால் எங்கள் தோட்டத்து லயத்துக்காரர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். மொழியியலில் முதுகலை படிக்கிறேன். ஆட்டிசம் உள்ள தமிழ் இளைஞர்கள் வீட்டிலும் வெளியிலும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். ஏன் இதை எடுத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் கேள்வி புரியும்.

என் தம்பிக்கு 19 வயது. அவனுக்கு ஆட்டிசம். பெரியப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவார். கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு மோட்டாரை எடுப்பார். தம்பி கேட்டருகே போய் நிற்பான். விளக்கு வைத்த பிறகும் நிற்பான், கொசு பிடுங்கினாலும் உள்ளே வரமாட்டான், கையைப் பிடித்து இழுத்தால் அழுவான். இது சின்ன வயதிலிருந்து நடக்கிறது. "அவனுக்குப் பேச்சு விளங்காது" என்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்லி வந்தோம், நானும்தான். பொருளியல் வகுப்பில், அதாவது சொற்பொருள் பற்றிய வகுப்பில், உட்கார்ந்திருந்த ஒரு நாள் எனக்குத் திடீரென்று உறைத்தது. போயிட்டு வரேன் என்றால் போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்றுதானே பொருள். சொன்னதை அவன் சொன்னபடியே கேட்டிருக்கிறான். சொன்னபடி செய்யாதது நாங்கள்தான்.

இப்போது என் சிக்கலுக்கு வருகிறேன். மேற்பார்வையாளர் ஒரு மதிப்பீட்டுத் தாள் கொடுத்தார். முகம் பார்த்துப் பேசுகிறாரா, முறை வைத்துப் பேசுகிறாரா, எடுத்த பேச்சை விடாமல் கொண்டு போகிறாரா, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. ஒத்திகையாகத் தம்பியை வைத்துப் பார்த்தேன், பெரும்பாலும் 0, அங்கங்கே 1. அதே தம்பியும், அவனோடு பி.டி.கே. என்ற சமூக மறுவாழ்வு மையத்துக்குப் போன இன்னொரு பையனும் (அவனுக்கும் ஆட்டிசம்) சேர்ந்துவிட்டால் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரிகளின் எண்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். ஒருவன் எண்ணைச் சொல்வான், மற்றவன் அது எந்தத் தோட்டத்து லோரி என்பான், அப்புறம் இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள், பிறகு அடுத்த எண். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை. ஆனால் ஒருவன் பேசி முடிக்காமல் மற்றவன் வாய் திறப்பதும் இல்லை. இதை எழுத அந்தத் தாளில் இடமே கிடையாது.

இன்னொன்று, தம்பி பேசுவது முழுத் தமிழ் அல்ல. தமிழ், மலாய், தொலைக்காட்சி விளம்பர வரிகள் எல்லாம் சேர்ந்தது. எந்த மொழியில் மதிப்பிடுவது? இப்படி ஆராய்ந்த அனுபவம் உள்ளவர்கள், வீட்டில் இப்படிப் பிள்ளை உள்ளவர்கள், முக்கியமாக உங்களுக்கே ஆட்டிசம் இருந்தால், தயவு செய்து எழுதுங்கள்.

செம்பனை_அம்மா எழுதியது:

படித்ததும் கண் கலங்கிவிட்டது மா. கேட்டருகே நிற்கிற பிள்ளையை நானும் பார்த்திருக்கிறேன்.

என் மகனுக்கு ஒன்பது வயது. நாங்கள் கோல சிலாங்கூர் பக்கம், வீட்டுக்காரர் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். பதினெட்டாம் மாதம் ஊசி போடப் போனபோது கிளினிக்கில் எம்-சாட் என்று ஆட்டிசம் அறிகுறி பார்க்கும் கேள்வித்தாளை நிரப்பச் சொன்னார்கள், அதில்தான் முதலில் தெரிந்தது. அப்புறம் அலைச்சல். ஓரிடத்தில், பெயர் வேண்டாம், "வீட்டில் மூணு மொழி பேசினா பிள்ளை குழம்பிடும், இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். படித்தவர்கள் சொல்கிறார்களே என்று அப்படியே செய்தோம். எனக்கும் அவருக்கும் தெரிந்த இங்கிலீஷ் எவ்வளவு? "கம்", "சிட்", "ஈட்", "நோ". இதை வைத்துக்கொண்டு பிள்ளையிடம் என்ன கதை சொல்ல முடியும், என்ன கொஞ்ச முடியும்? என் மாமியாருக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. பேரனிடம் பேசக்கூடாது என்றதும் அவர் வாயை மூடிக்கொண்டு அவன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். மூன்று வருடம் அந்த வீட்டில் பேச்சே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஒரு நாள் மாமியார் தாங்கமாட்டாமல் பழையபடி "ஆனை ஆனை" என்று முதுகைத் தட்டிப் பாட ஆரம்பித்தார். இரண்டு மாதத்தில் அவன் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தான். பிள்ளை பேசிய முதல் நீளமான தமிழ் அதுதான்.

இப்போது பேசுகிறான், ஆனால் அவன் வழியில். தண்ணீர் வேண்டுமென்றால் "தண்ணி வேணுமா?" என்பான். நான் கேட்கிற கேள்வியை எனக்கே திருப்பிக் கொடுக்கிறான், ஆனால் தாகம் அவனுக்கு. வெளியாட்கள் "கிளிப்பிள்ளை மாதிரி சொல்றான்" என்கிறார்கள். கிளிக்குத் தாகம் எடுத்தால் அது இப்படிக் கேட்காது. இடி இடித்தால் "பஸ்ஸு போயிடுச்சு" என்பான். ஒரு முறை நல்ல மழையில் பள்ளி பஸ்ஸைத் தவற விட்டு இரண்டு பேரும் நனைந்து நின்றோம், அன்றிலிருந்து பயம் என்றால் அவனுக்கு அந்த வார்த்தை. இது எனக்குத் தெரியும், அவன் பாட்டிக்குத் தெரியும். ஒரு நாள் தாளோடு வந்து போகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் மா, வந்தால் நாலு முறை வா. முதல் இரண்டு முறை ஒன்றும் எழுதாதே, சும்மா வந்து தே குடித்துவிட்டுப் போ.

பேச்சுப்_பயிற்சி_ஈப்போ எழுதியது:

தங்கச்சி, நான் பேச்சு சிகிச்சையாளர். செம்பனை அம்மா எழுதியதில் பாதி ஆய்வு முடிந்துவிட்டது. மீதிக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நீளமாக இருக்கும்.

பிள்ளை திருப்பிச் சொல்வதை லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் 1943-இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய தன் முதல் கட்டுரையிலேயே குறித்திருக்கிறார். "நான்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "நீ" என்று மாறி வருவதையும் குறித்தார். பிறகு வெகுகாலம் அதை வெறும் எதிரொலி என்று எண்ணி நிறுத்தப் பார்த்தார்கள். 1981-இல் பேரி பிரிஸன்ட்டும் ஜூடித் டூக்கனும் வீடியோ பதிவுகளை வைத்து, எந்த இடத்தில், யாரைப் பார்த்து, எந்தத் தொனியில் பிள்ளை திருப்பிச் சொல்கிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். ஆம் என்பதற்கு, வேண்டும் என்பதற்கு, தன் முறையை விடாமல் பிடித்துக்கொள்வதற்கு என்று ஏழு வகைப் பயன்கள் கிடைத்தன. "பஸ்ஸு போயிடுச்சு" மாதிரி எப்போதோ கேட்டதைப் பிற்பாடு சொல்வதற்கும் இப்படிப் பொருள் உண்டு. சொன்ன வார்த்தையை மட்டும் எழுதினால் அது பிடிபடாது, அதற்கு முன் அங்கே என்ன நடந்தது என்பதையும் எழுதினால்தான் பிடிபடும்.

உன் தம்பியும் நண்பனும் லோரி எண் பேசுகிறார்களே, அதற்கு நேராக ஒரு கருத்து இருக்கிறது. டேமியன் மில்ட்டன், அவருக்கும் ஆட்டிசம் உண்டு, 2012-இல் இருபக்கப் புரிதல் சிக்கல் என்ற பொருளில் எழுதினார். ஆட்டிசம் உள்ளவருக்கு நம்மைப் புரியவில்லை என்று மட்டும் சொல்கிறோம், நமக்கும் அவரைப் புரியவில்லையே, விரிசல் நடுவில் அல்லவா இருக்கிறது என்பது அவர் வாதம். 2020-இல் எடின்பரோவில் கேத்தரின் கிராம்ப்டன் குழு இதைச் சோதித்தது. நாம் பள்ளியில் காதோடு காதாகச் சொல்லி விளையாடுவோமே, அதே மாதிரி ஒரு கதையை எட்டு எட்டுப் பேராகக் கடத்தச் சொன்னார்கள். எட்டுப் பேருக்கும் ஆட்டிசம் இருந்த வரிசையில், யாருக்கும் இல்லாத வரிசைக்கு இணையாகக் கதை போய்ச் சேர்ந்தது. மாற்றி மாற்றி உட்கார்ந்த கலப்பு வரிசையில்தான் வேகமாகக் கரைந்தது. ஆனால் இதோடு நிறுத்திவிடாதே. 2025-இல் 300 பேருக்கு மேல் வைத்து இன்னும் பெரிதாகச் செய்தபோது கலப்பு வரிசையிலும் தகவல் அப்படிக் குறையவில்லை. இரண்டையும் உன் ஆய்வேட்டில் எழுத வேண்டும், பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு இரண்டிலுமே ஒன்று தெளிவாகத் தெரிகிறது: ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் செய்தி சொல்லிக்கொள்வதில் குறைவில்லை.

2017-இல் நோவா சாசன் குழு செய்ததையும் பார். ஆட்டிசம் உள்ளவர்கள் சில நொடி பேசிய காட்சியைப் பார்த்தவர்கள் அவர்களோடு பழக விருப்பம் குறைவு என்றார்கள். பேசியதை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. பேசிய விஷயம் ஒன்றுதான். குரலையும் தோற்றத்தையும் கண்டுதான் கேட்பவர்கள் விலகினார்கள்.

சரி, முகம் பார்ப்பது. பெரியவர் பேசும்போது நம் வீட்டுப் பிள்ளை கண்ணுக்குக் கண் பார்த்தால் "என்ன முறைக்கிறே" என்று அடி விழும். குனிந்த தலையை மரியாதை என்று வளர்த்துவிட்டு, வேறொரு நாட்டுத் தாளை வைத்து அதற்கு 0 போடுவது எப்படி நியாயம்? அந்தக் கேள்வியை வைத்துக்கொள்வதென்றால், அதே லயத்தில் ஆட்டிசம் இல்லாத அதே வயதுப் பிள்ளைகளையும் அதே தாளில் போட்டுப் பார்த்துவிட்டு வா, மேற்பார்வையாளரிடம் பேச உனக்கு வலு இருக்கும்.

என் யோசனை: புள்ளி போடுவதை ஓரமாக வை. உரையாடல் பகுப்பாய்வு என்று ஒரு முறை இருக்கிறது, சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெபர்சன் மூவரும் 1974-இல் எழுதிய முறை வைத்துப் பேசுதல் பற்றிய கட்டுரையில் தொடங்கு. இருவரையும் ஒன்றாகப் பதிவு செய், தம்பியை மட்டுமல்ல, எதிரே பேசுகிறவரையும். யார் எப்போது நிறுத்தினார், எத்தனை நொடி இடைவெளி, யார் பேச்சை யார் வெட்டினார் என்று இருவருக்கும் எழுது. 2009-இல் பத்து மொழிகளை ஒப்பிட்டபோது கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரி இடைவெளி ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று வந்தது. அந்தப் பத்தில் தமிழ் இல்லை. நம் வீட்டு உரையாடலில் ஆட்டிசம் உள்ள பிள்ளை பதில் சொல்ல நான்கு நொடி எடுக்கிறது என்று வை, அம்மா இரண்டாம் நொடியில் கேள்வியைத் திரும்பக் கேட்டுவிடுகிறார் என்றால், அந்தப் பிள்ளைக்கு முறையே வரவில்லை. நேரத்தோடு எழுதிப் பார்த்தால்தான் இது தெரியும்.

மொழிக்கு வருகிறேன். கனடாவில் ஹேம்ப்ளியும் ஃபோம்போனும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மொழி கேட்டு வளர்ந்த ஆட்டிசக் குழந்தைகள் ஒரு மொழிக் குழந்தைகளைவிடப் பேச்சில் பின்தங்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் வந்த ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றன. செம்பனை அம்மா, உங்களுக்குச் சொன்ன அறிவுரை தவறு. நீங்கள் செய்தது தவறில்லை, சொன்னவர்களை நம்பினீர்கள்.

எடைமேடை_31 எழுதியது:

எனக்கு ஆட்டிசம் உண்டு. 27 வயதில்தான் தெரிந்தது. வயது 31. செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி எடை போடும் இடத்தில் வேலை. சகோதரியின் தம்பி பேசும் எண்களில் சில என் கையால் எழுதப்பட்டவையாக இருக்கலாம்.

கேட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன். காலையில் வேலைக்குள் நுழையும்போது எதிரே வருகிற எல்லாரும் "சாப்பிட்டாச்சா?" என்பார்கள். பல வருடம் நான் நின்று பதில் சொல்லியிருக்கிறேன்: இன்னும் இல்லை, ஒன்பதே காலுக்குச் சாப்பிடுவேன், இன்றைக்கு நாசி லெமாக். அவர்கள் அதற்குள் தாண்டிப் போயிருப்பார்கள். அது கேள்வி இல்லை, வணக்கம் சொல்வது மாதிரி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மற்றவர்களுக்குத் தானாக வருவது எனக்குப் பாடம் மாதிரி வந்தது. கற்றுக்கொண்டேன். ஆனால் ஒவ்வொரு நாளும் கவனித்துச் செய்வதால் மாலை நான்கு மணிக்கு மேல் எனக்குப் பேச்சு வராது. வாய் திறக்கும், சொல் வராது. வீட்டில் "திமிரு" என்று சொன்னார்கள். இப்போது அம்மா அடுத்த அறையிலிருந்தே வாட்ஸ்அப்பில் கேட்கிறார், நான் எழுதிப் பதில் சொல்கிறேன். எழுத்தில் எனக்கும் அம்மாவுக்கும் நல்ல பேச்சு நடக்கிறது, என் வாழ்க்கையில் அம்மாவோடு அதிகம் பேசியது இந்த நான்கு வருடத்தில்தான்.

ஆகையால் உங்கள் ஆய்வில் எழுத்துப் பேச்சையும் சேருங்கள். வாய்ப்பேச்சு மட்டும்தான் உரையாடல் என்று எடுத்தால் என் அம்மாவும் நானும் பேசுவதே இல்லை என்று உங்கள் தாள் சொல்லும். கேள்விகளை முதல் நாளே அனுப்புங்கள். எங்கே உட்காரப் போகிறோம் என்று ஒரு படம் அனுப்புங்கள். மின்விசிறிச் சத்தம், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி எல்லாம் எனக்கு உங்கள் குரலோடு ஒரே அளவில் கேட்கும், அமைதியான இடமாகப் பாருங்கள். எதை ஆராய வேண்டும் என்று முடிவு செய்யும்போதே எங்களில் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்ததை எழுதி முடித்தபின் அந்த நபரிடம் காட்டி "நீங்கள் சொன்னது இதுதானா" என்று கேளுங்கள். என்னைப் பற்றி எழுதியதை நான் இதுவரை ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்கக் கொடுக்கப்பட்டதில்லை.

ஆட்டிசத்துக்கு மன இறுக்கம் என்ற சொல்லையும் தயவு செய்து போடாதீர்கள். என் மனம் இறுகியில்லை. ஆட்டிசம் என்றே எழுதுங்கள்.

பழைய_வாத்தியார் எழுதியது:

தமிழ்ப்பள்ளியில் 30 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். எல்லாம் படித்தேன், நல்ல விஷயங்கள். ஆனால் மனத்தில் பட்டதைச் சொல்ல வேண்டும். இங்கே பேசப்படுவது பேசத் தெரிந்த பிள்ளைகளைப் பற்றி. என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான், ஆறு வருடத்தில் ஒரு சொல் பேசவில்லை. வயிற்று வலி என்றால் தலையைச் சுவரில் மோதுவான். கேட்பவர் பக்கமும் குறை உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தால் அந்தப் பையனுக்கு என்ன கிடைக்கும்? அவனுக்கு ஒரு வழி வேண்டாமா? தோட்டத்தில் உள்ளவன் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பட்டணம் போக வேண்டும். மகளே, உன் ஆய்வில் அவனும் இருக்க வேண்டும்.

போயிட்டு வரேன் பற்றி ஒன்று. பெரியப்பாவை மாற்றச் சொல்லாதே. "போறேன்" என்று நம்மவர்கள் சொல்லமாட்டார்கள், இழவு வீட்டில்தான் "வரேன்" என்று சொல்லாமல் போவார்கள். நல்ல வீட்டில் அவர் வாயில் அந்தச் சொல் வராது. கிழமையைச் சேர்த்துச் சொல்லச் சொல். "போயிட்டு ஞாயித்துக்கிழமை வரேன்."

பேச்சுப்_பயிற்சி_ஈப்போ எழுதியது:

ஐயா கேட்டது சரியான கேள்வி. அந்தப் பையனுக்குப் படம், சைகை, கைப்பேசியில் தொட்டால் பேசும் செயலி இவற்றில் ஏதாவது ஒன்றை முதல் வருடமே கொடுத்திருக்க வேண்டும். படத்தைக் கொடுத்துப் பொருளை வாங்கும் பெக்ஸ் முறை 1985-லிருந்து இருக்கிறது. "படத்தைக் காட்டப் பழகினால் பேச்சு வராமல் போய்விடும்" என்று பெற்றோர் பயப்படுவார்கள், 2006-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் அப்படிப் பேச்சு குறையவில்லை, பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடியது. ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். பிள்ளையின் கையைப் பிடித்து எழுத்துப் பலகையில் தட்ட வைத்து "இவன்தான் எழுதுகிறான்" என்று சிலர் காட்டுவார்கள். சோதித்தபோது எழுதியது கையைப் பிடித்தவர் என்றே தெரிந்தது. அதில் காசைக் கொட்டாதீர்கள்.

பட்டணம் போக முடியாதவர்களுக்கு, கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்த பாஸ் என்ற ஆய்வு 2015-இல் வெளிவந்தது. நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டுக்கே அனுப்பினார்கள். தாயும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, தாயோடு உட்கார்ந்து பார்த்து, பிள்ளை எந்த இடத்தில் ஏதோ சொல்ல வந்தது என்று காட்டினார்கள். எட்டாம் மாதத்தில் பார்த்தபோது பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு ஒத்துப் பதில் சொல்வது கூடியது, பிள்ளைகள் தாமாகத் தொடங்குவதும் கூடியது. ஒரே பொருளைச் சேர்ந்து கவனிப்பது மட்டும் கூடவில்லை, குறைந்தது, அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். நம் தோட்டங்களில் இப்படி ஒன்றைச் செய்ய முடியும் என்று எனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு.

தங்கச்சி, பள்ளிக்குள் போவதென்றால் கல்வி அமைச்சின் திட்டமிடல், ஆய்வுப் பிரிவான இ.பி.ஆர்.டி.யின் அனுமதி வாங்க வேண்டும். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். இப்போதே விண்ணப்பம் போடு, நாள் பிடிக்கும்.

பெர்ஜுந்தைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாளாக இதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மேற்பார்வையாளரிடம் பேசிவிட்டேன். தாளை முழுதாக விடச் சம்மதிக்கவில்லை, ஆனால் லயத்துப் பிள்ளைகள் எல்லாரையும் அதே தாளில் போட்டு ஒப்பிடவும், தனியாக ஐந்து வீடுகளில் இருபக்கமும் பதிவு செய்யவும் ஒப்புக்கொண்டார். வாத்தியார் ஐயா, ஐந்தில் ஒரு வீடு பேசாத பிள்ளையுடைய வீடு. எடைமேடை அண்ணா, கேள்விகளை எழுதி முடித்ததும் உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்பலாமா? பல்கலைக்கழகத்தில் கொடுக்கும் ஆய்வுத் தொகையில் உங்கள் நேரத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கக் கேட்டிருக்கிறேன்.

தம்பியிடமும் சம்மதம் கேட்டேன். கேமரா படம், அவன் படம், அவன் நண்பன் படம் மூன்றையும் வைத்துக் காட்டி, சரியா என்றேன். "சரியா" என்றான். முன்பென்றால் இதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டிருப்பேன். இந்த முறை ஒன்றும் பேசாமல் காத்திருந்தேன், எண்ணிப் பார்த்தேன், பதினோரு நொடி. கேமரா படத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு மற்ற இரண்டையும் என்னிடம் நகர்த்தினான். குரலை மட்டும் பதிவு செய்யும் கருவியைக் காட்டி மறுபடி கேட்டேன், அதை நண்பன் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான். ஆக எங்கள் வீட்டில் வீடியோ கிடையாது, ஒலிப்பதிவு மட்டும்.

நேற்று பெரியப்பா வந்தார். வாத்தியார் சொன்னபடி சொல்லச் சொன்னேன். மோட்டாரில் ஏறிக்கொண்டு, "போயிட்டு ஞாயித்துக்கிழமை வரேண்டா" என்றார். தம்பி கேட்டுவரை போனான், சாத்தினான், கொண்டியைப் போட்டான், உள்ளே வந்து நாள்காட்டியில் ஞாயிற்றுக்கிழமை மேல் விரலை வைத்தான். அடுத்த வாரம் பெரியப்பாவுக்குப் பந்திங்கில் ஒரு கல்யாணம் இருக்கிறது. கல்யாணம் முடிந்து இருட்டினாலும் பரவாயில்லை, ஐந்து நிமிடம் வந்து போக வேண்டும் என்று இப்போதே போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.